செவலை யாருக்கு?

"நல்ல ஆடுகளாப் பாத்து நீயே எடுத்துக்கடா. மிச்சத்த நான் ஓட்டிக்கிறேன்" என்றான் சோணை.

பாகம் பிரித்து வைக்க வந்திருந்த சுடலையால் தன் காதையே நம்ப முடியவில்லை. வரப்புக்கு வெட்டிக்கொள்ளும் அண்ணன் தம்பிகளையே பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

சோழவந்தானுக்குத் தெற்கே, அறுவடை முடிந்த வயலில் நூற்றிருபது செம்மறிகள் நின்றன. தம்பி முத்துக்குமரன் கூச்சப்படாமல் இளம் ஆடுகளாகப் பார்த்து அறுபதைப் பிரித்துக் கிழக்கே நிறுத்தினான். சோணை வாய்விட்டுக் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். பல் போய், காது கிழிந்த ஒரு கிழட்டு ஆடு.

"அத வச்சு என்னண்ணே செய்யப் போற? புல்லு மெல்லவே முடியாது அதுக்கு."

"பாவம்டா. கடைசி காலத்துல எங்கிட்டயே கெடந்துட்டுப் போகுது."

மிச்சம் இருந்தது நாய், செவலை. மேய்ச்சலுக்குப் போக நாலுவழிச் சாலையைத் தாண்ட வேண்டும். ஓர் ஆட்டைக்கூட லாரிக்குக் கொடுக்காமல் தாண்டவைப்பதில் அந்த வட்டாரத்திலேயே செவலைக்கு நிகர் இல்லை. ஆட்டின் மேல் பல் படாது, பார்வையாலேயே திருப்பிவிடும். அது இல்லாதவன் ஆட்டை விற்றுவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

"எப்படிய்யா இப்படிப் பழக்குனீங்க?" என்றார் சுடலை.

"நாந்தான் மாமா பழக்குனேன்" என்று முத்துக்குமரன் முந்திக்கொண்டான். "விசிலு, கைச்சாடை அம்புட்டும் நான் சொல்லிக் குடுத்தது. மூணு மாசக் குட்டியிலருந்து எங்கையிலதான் கஞ்சி குடிக்கிது."

"அதுக்கு முன்னாடி?"

"அப்ப நான் பாதி ஆட்டோட சிவகங்கைப் பக்கம்ல கெடந்தேன். அண்ணன்தான் பாத்துக்கிருச்சு."

"இதோட தாய் லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு மாமா" என்றான் சோணை, பட்டும் படாமலும். "கண்ணு முழிக்காத குட்டிய பட்டிக்குள்ள போட்டு ஆட்டு மடியில பால் குடிக்க விட்டேன். எல்லாரும் செய்யிறதுதான். அப்பத்தான் நாய் ஆட்டச் சொந்தபந்தமா நெனைக்கும்."

பிறகு அவனே ஒரு வழியும் சொன்னான். "ரெண்டு மந்தையும் ரெண்டு பக்கமாப் போகட்டும். செவலை யாரு பின்னாடி போகுதோ, அவங்களுக்கே. மாமா சாட்சி."

முத்துக்குமரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது தன்னை விட்டுவிட்டு வேறு யார் பின்னால் போகும்? உடனே தலையாட்டினான்.

மந்தைகள் கிழக்கும் மேற்குமாக நகர்ந்தன. முத்துக்குமரன் விசிலடித்தான். செவலை பாய்ந்து வந்து அவன் நெஞ்சில் கால் போட்டு முகத்தை நக்கியது.

"பாத்தீங்களா மாமா?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவலை இறங்கித் திரும்பியது. மேற்கே சோணையின் மந்தை கத்திக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. ஒரு நொடி காதை நிமிர்த்திக் கேட்டது. அப்புறம் ஒரே ஓட்டம்.

தொண்டை வறளும்வரை விசிலடித்துப் பார்த்தான் முத்துக்குமரன். பிறகு கல்லை எடுத்தான். அது செவலையின் முன்னங்காலில் விழுந்தது. ஒரு முறை அலறிவிட்டு, மூன்று காலில் நொண்டிக்கொண்டே போய் மந்தைக்குள் புகுந்தது.

"நாலு வருசம் கஞ்சி ஊத்துனேனே! இப்படித் துரோகம் பண்ணிட்டியே!"

ஒரு நாய்க்காக வளர்ந்த ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுடலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செவலை இல்லாம நான் எப்படிண்ணே ரோட்டத் தாண்டுவேன்? எம் பங்கையும் நீயே வச்சுக்க. குடுக்கிறதக் குடு. கப்பலூர்ல ஏதாச்சும் கம்பெனியில மூட்ட தூக்கியாவது பொழைச்சுக்கிறேன்."

சோணை தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணீரும் வந்தது. கையோடு பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போய், பஸ் கண்ணை விட்டு மறையும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினான்.

வீட்டில் மனைவி பாண்டிமீனா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பாகம் பிரித்து வைத்தவருக்குக் கறிச்சோறு போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம்.

"ஏங்க, சுடலை மாமா காத்துக்கிட்டு இருக்காரு. எந்த ஆட்டப் புடிக்க?"

"அந்தக் காது கிழிஞ்சத" என்றான் சோணை, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

பாண்டிமீனா பட்டியை எட்டிப் பார்த்தாள். அடிபட்ட காலை நக்கியபடி செவலை அந்தக் கிழட்டு ஆட்டின் வயிற்றோடு ஒண்டிப் படுத்திருந்தது.

"பாவம்னு கேட்டு வாங்குனீங்களே?"

"செவலைக்குப் பால் குடுத்தது அதுதான்டி. தம்பிதான் போயிட்டான்ல, இனி அது எதுக்கு?"