ஆந்தையின் ஐந்தெழுத்து

மதிய உணவு இடைவேளையில் அலுவலகமே பேப்பரில் வந்த ஆங்கிலச் சொற்புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

“அஞ்சே எழுத்து. அதுல எக்ஸும் இருக்கணும், ஒய்யும் இருக்கணும்,” என்று மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

“கேலக்ஸி?” என்றாள் டைப்பிஸ்ட்.

“அதுல ஆறு எழுத்தும்மா. ‘ஆந்தை’ன்னு புனைபெயர்ல ஒளிஞ்சுக்கிட்டு தினமும் புதிர் போட்டு நம்ம உயிரை வாங்குறானே, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

மூலையில் கேஷியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் திட்டத் திட்ட அவர் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது.

“என்ன சார், உங்களுக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தமா? வேணும்னா வீட்ல போன் போட்டுக் கேளுங்களேன்,” என்று மேனேஜர் சீண்டினார்.

“அவ சொல்ல மாட்டா சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். கேஷியர் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

“இங்க மேனேஜரே தலையைப் பிச்சுக்கிறார். காலையிலேருந்து நானும் முட்டி மோதிப் பாத்துட்டேன். எனக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லேன்.”

“கட்டின புருஷனா இருந்தாலும் இந்த ஆந்தைக்கு நீங்களும் ஒரு வாசகர்தான். விடை நாளைக்குப் பேப்பர்ல வரும், பாத்துக்குங்க.”

போனை வைத்துவிட்டாள்.

“என்ன சார், கிடைச்சுதா?” என்றார் மேனேஜர்.

“நான்தான் அப்பவே சொன்னேனே சார், அவ சொல்ல மாட்டான்னு,” என்ற கேஷியர், சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.