நீட்டாத விரல்

அறிவுத் தேர்வில் முதலிடம் பெறுபவரே முதல்வர் என்று சட்டம் வந்தபின், தேர்தலன்று மக்களுக்கு மிஞ்சியது ஒரே வேலைதான்: சாவடிக்குப் போய், சம்மதத்துக்கு அடையாளமாக விரலில் மை வைத்துக்கொள்வது.

ஆட்டோ ஓட்டும் அமலோற்பவம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"விரலை நீட்டுங்கம்மா. மை இல்லேன்னா ரேஷன் நின்னுடும்," என்றார் அலுவலர்.

"நிக்கட்டும்."

"நம்ம முதல்வரைவிட அறிவாளி யாரு இருக்கா? ஏரி உடையப்போவுதுன்னு முன்னாடியே கண்டுபிடிச்சு, உங்க தெருப் பக்கம் மதகைத் திறந்துவிட்டு நகரத்தையே காப்பாத்தினாரே!"

"ஒரு முட்டாள் திறந்திருந்தா, தெரியாம செஞ்சுட்டான்னு எம் புருஷனைப் புதைச்ச கையோட மன்னிச்சிருப்பேன் சார். இவரு, நாங்க எத்தனை பேரு சாவோம்னு கணக்குப் போட்டுட்டுல்ல திறந்தாரு!"

கட்டிய கைகளை அவிழ்க்காமலே அவள் படியிறங்கினாள்.