மேல் வீட்டு ஜன்னல்

"ஆ காட்டு செல்லம்... ஒரே ஒரு ஆ!"

சாய்மா பிரஷ்ஷை நீட்டியதுதான் தாமதம், தூபா அலறிய அலறலில் மதில்மேல் இருந்த காக்கா பறந்தே போனது. இரண்டு வயது நிரம்பாத வாண்டுக்கு இத்தனை பெரிய தொண்டை எங்கிருந்துதான் வந்ததோ!

மேலே படாரென்று ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. சாய்மா அண்ணாந்து பார்த்தாள்.

"போச்சு! ஹவுஸ் ஓனர் திறந்துட்டார். இவ தினமும் வாயைத் திறந்தா, அவர் ஜன்னலைத் திறக்கிறாருங்க. நாம காலி பண்ண வேண்டியதுதான்."

"விடேன் சாய்மா. ஒரு நாள் பல்லு தேய்க்காட்டி இன்னா ஆயிடப் போவுது?" என்றான் ஆசிஃப், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"நல்லா சொன்னீங்க! முன்பல்லுல வெள்ளைத் திட்டு வந்திருக்கு, தேய்க்காம விட்டா சொத்தையாயிடும்னு டாக்டரம்மா சொன்னப்ப, பக்கத்துல உக்காந்து தலையாட்டினது யாரு?"

தேய்த்தால் வீடு போகும், தேய்க்காவிட்டால் பல் போகும். நல்ல சங்கடம்!

இந்த மயிலாப்பூர் வீடு சும்மா கிடைத்ததா என்ன? வடபழனி, நந்தனம் என்று அவர்கள் அலையாத தெரு இல்லை. பெயரைக் கேட்டதும், "இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்" என்று எத்தனை கதவுகள் சாத்தின! மேல் வீட்டு சந்திரமௌலி மட்டும்தான் வேறெதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். "ஒரே கண்டிஷன். சத்தம் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

"அவர் பேரன் ஸ்ரீகிருஷ்ணாவும் நம்ம தூபா வயசுதானே?" சாய்மா விடவில்லை. "காலையில ஒரு முக்கல் முனகல் கேட்டிருக்கீங்களா? பல்லு ஒவ்வொண்ணும் மல்லி மொட்டாட்டம் இருக்கு. அது வளர்ப்பு!"

"நம்ம வீட்ல வளர்க்கிறது யாராம்?"

"தொண்டை உங்க பரம்பரைத் தொண்டை. அதுக்கு நான் என்ன பண்றது?"

அன்று சாயங்காலம் லஸ் கார்னரில் தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிய ஆசிஃபின் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"மாடிப்படியில மடக்கிட்டார். 'காலம்பற அழறது உங்காத்துக் குழந்தைதானே?'ன்னார். ஆமாம் சார்னேன். 'தினமும் இதே நேரம்தானா?'ன்னார்."

"யா அல்லாஹ்! நீங்க என்ன சொன்னீங்க?"

"சாரி சார்னேன். தலையை ஆட்டிக்கினே போயிட்டார்."

சாய்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டு பாடியாயிற்று, போனில் பொம்மைப் படம் காட்டியாயிற்று, கரடி பொம்மைக்குப் பல் தேய்த்து அதன் மூஞ்சியெல்லாம் நுரையாக்கியும் ஆயிற்று. எதற்கும் மசியவில்லையே இந்தக் குட்டிப் பிசாசு!

ஆசிஃப் சட்டென்று எழுந்து கடைத்தெருவுக்குப் போய், இன்னொரு குட்டி பிரஷ் வாங்கி வந்தான்.

மறுநாள் காலை, லென்ஸ் இல்லாத ஒரு கண்ணாடி ஃபிரேமைத் தூபாவின் மூக்கில் மாட்டி, அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டான். கடையில் கண் பரிசோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பானே, அதே குரலில் இரண்டு பிரஷ்ஷையும் நீட்டிக் கேட்டான்.

"மேடம், எது நல்லா கீது? சிவப்பா, பச்சையா?"

தூபா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவப்பைத் தொட்டாள். சிவப்பு உள்ளே போய் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே வந்தது.

"இப்போ? இதுவா, அதுவா?"

"அது!"

பச்சை உள்ளே போனது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாம் தன் உத்தரவுப்படிதான் நடக்கிறது என்று அம்மணிக்கு ஒரே பெருமை. பின்பல் வரை காட்டினாள். சாய்மாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

மேலே ஜன்னல் வழக்கம்போலப் படாரென்று திறந்தது. சத்தம் எதுவும் வராமல் போகவே, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக மூடிக்கொண்டது.

"ஏமாந்தார்!" என்று சாய்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சில நாட்களும் இதே கதைதான். ஜன்னல் திறக்கும், காத்திருக்கும், மூடும். சாய்மாவுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பிறகு ஒருநாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால், சந்திரமௌலி! தலை கலைந்திருந்தது. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. இடுப்பில் ஸ்ரீகிருஷ்ணா, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா, நாலஞ்சு நாளா உங்காத்துல சத்தமே காணோம்?"

"இனிமே வரவே வராது சார்! தூபா சமத்தா பல்லு தேய்ச்சுக்கிறா. இத்தனை நாளா உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு, மன்னிச்சுடுங்க."

சந்திரமௌலியின் முகம் தொங்கிப்போனது.

"வராதா? அடக் கஷ்டமே! அவ அழற சத்தம் கேட்டாத்தான் இவன் 'பாப்பா அழறா'ன்னு வாயைப் பொளந்துண்டு ஜன்னல்ல நிப்பான். அந்தச் சாக்குல பல்லைத் தேய்ச்சுடுவேன்." பிளாஸ்திரி விரலைத் தூக்கிக் காட்டினார். "இப்பப் பாரு, வாயே திறக்க மாட்டேங்கறான், திறந்தா கடிக்கறான். அந்தச் சத்தம் கூடாதுங்கற கண்டிஷனை வாபஸ் வாங்கிக்கறேன்மா, நாளைக்குக் காலம்பற குழந்தையைக் கொஞ்ச நேரம் அழ விடேன்!"