கண்ணாடிப் பெட்டியை மறைத்த பெரியவர்

"அந்தக் கிழவர் இன்னும் நகரவில்லையா?" என்று மிரியம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

நகரவில்லை.

வட லண்டனில் உள்ள அந்தச் சிறிய யூத நூலகத்தில் அன்று கண்காட்சித் திறப்பு. கோல்ட்மன் என்பவர் ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்த பழைய எபிரேயப் புத்தகங்களை, அவர் காலமான பின் அவர் மனைவி நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். மிரியம் நூலகத்தின் இயக்குநர்.

வந்தவற்றில் ராஜா என்றால், வெனிஸ் நகரத்தில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு தல்மூத் பாகம். யூத மதகுருக்களான ரபிமார்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடிய வாதங்களின் தொகுப்பு. அச்சிட்ட ஊரிலேயே பிறகு அதைக் குவித்து எரித்தார்கள். தப்பியவற்றில் இது ஒன்று. கூடத்தின் எதிர்ச்சுவரை ஒட்டி, தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்னால்தான் அந்தப் பெரியவர் நின்றார். அகன்ற தொப்பி, நீளமான கறுப்பு அங்கி, அதற்கேற்ற உடம்பு. புத்தகத்தில் ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியவில்லை.

மிரியம் கேட்டது நூலக உதவியாளர் தக்ஷிகாவிடம்தான். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். நூலகத்தில் வேலை என்று அம்மா ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. ஆனால் அது இன்னும் தற்காலிக வேலைதான். "இன்றைக்கு எல்லாம் பிசகில்லாமல் நடந்தால் நிரந்தரம்" என்று மிரியம் காலையில் சொல்லியிருந்தார்.

அந்தப் பெட்டி அவள் பொறுப்பு. எபிரேயத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் புத்தகத்தைக் கிடத்தி, எட்ட நின்று பார்த்து, கிட்ட வந்து பார்த்து, பூட்டிய பிறகும் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

வாசலில் செக்யூரிட்டி ஸ்ரீஸ்கந்தராஜா நின்றார். அவரிடம் போனாள்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா அவரிட்டச் சொல்லுங்கோவன்."

"சொல்லாமலா பிள்ளை? எக்ஸ்கியூஸ் மீ சொல்லிச் சொல்லி வாய் நோகுது. தொப்பியை ஆட்டுறார், காலை ஆட்டுறார் இல்லை."

"மற்ற ஆக்களும் பாக்க வேணுமெல்லோ."

"நல்லூர்த் தேருக்கு வடம் பிடிக்க வந்து இடம் பிடிச்ச ஆள் மாதிரி நிக்கிறார். இனித் தேர் சுத்தி இருப்புக்கு வந்தாத்தான் உவர் அசைவார்."

கேமராவோடு ஒரு மாணவன் இடப்பக்கத்தால் எட்டினான். பெரியவர் இடப்பக்கம் சாய்ந்தார். ஒரு பெண்மணி வலப்பக்கத்தால் தலையை நீட்டினார். பெரியவரின் முழங்கை அந்தப் பக்கம் விரிந்தது. பலகாரத் தட்டு வந்தபோது திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"இவரும் புத்தகம் சேர்க்கிறவர்தான்," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "இந்தத் தல்மூத்தைத் தரச்சொல்லி கோல்ட்மனின் உயிரை எடுத்தவர். கிடைக்காத வயிற்றெரிச்சல்."

மிரியம் ஒலிவாங்கியை நோக்கிப் போகும் வழியில் தக்ஷிகாவின் காதருகே நின்றார். "நான் பேசி முடித்ததும் திருமதி கோல்ட்மனைப் பெட்டிக்கு அழைத்து வருவேன். அதற்குள் அவரை அங்கிருந்து கிளப்பு."

"அவர் மறுத்தால்?"

"அதைச் சமாளிக்கத்தானே உன்னை வைத்திருக்கிறேன்."

பேச்சு தொடங்கியது. தக்ஷிகா மூச்சை இழுத்துக்கொண்டு நடந்தாள். செத்துப்போன மனிதரோடு என்ன பொறாமை? அவர் மனைவிகூடப் பார்க்கக் கூடாதா? கோபம் வர வர, பயம் கொஞ்சம் விலகி வழி விட்டது.

"ஐயா, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தீர்களா? இது உங்களுக்கு மட்டும் வைத்த கண்காட்சி இல்லை."

தன் குரலைக் கேட்டு அவளுக்கே திக்கென்றது.

பெரியவர் தலையை மட்டும் திருப்பினார். அவள் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"புத்தகத்தை உள்ளே வைத்தது நீயா?"

"நான்தான். ஏன்?"

"நினைத்தேன். மிரியம் என்றால் தலைகீழாக வைத்திருக்க மாட்டார்."

தக்ஷிகா அவருடைய முழங்கைக்குக் கீழால் எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு பத்தி, அதைச் சுற்றிவரச் சின்ன எழுத்தில் விளக்கங்கள். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் ஒரேமாதிரித்தான் இருந்தது. எபிரேயப் புத்தகம் நம்முடையதற்கு நேர்மாறு, வலமிருந்து இடமாகப் போகும் என்று மிரியம் பலதடவை எச்சரித்திருந்தார். அவர் சரியாகவே எடுத்துக் கொடுத்ததை, இவள் மிகக் கவனமாக இன்னொரு தடவை மாற்றியிருக்கிறாள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள்... முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"யாரிடம்? மிரியம் காதில் விழாமல் இங்கே யாரிடம் பேச முடிந்தது?" பெரியவர் பெருமூச்சு விட்டார். "புனித நூல் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டால் நேராக்காமல் போவது எங்களிடம் வழக்கமில்லை. நீயோ பூட்டிவிட்டாய்; மறைத்து நிற்கத்தான் முடிந்தது."

பின்னால் கைதட்டல் எழுந்தது. திருமதி கோல்ட்மனின் கையைப் பிடித்துக்கொண்டு மிரியம் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"நான் அங்கியை விரித்துப் பிடிக்கிறேன்," என்றார் பெரியவர். "நீ சாவியை எடு."