வெள்ளிக்கிழமை அதட்டல்

"பாட்டை நிறுத்துறியா, இல்ல, உள்ள வந்து மைக்கை ஒடைக்கட்டுமா?"

அயனம்பாக்கத்தில் ரேகாவின் வீட்டு வாசலில் மூன்றாவது வாரமாக அந்த முரட்டுக் குரல் கேட்டது. ஜெபக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பாட்டைப் பாதியில் விட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்த பாஸ்டர் எட்வின் மைக்கைக் கீழே வைத்தார். ரேகா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

"கதவைச் சாத்திடலாம் பாஸ்டர். அடுத்த வாரத்துலேர்ந்து கூட்டத்தை வேற ஊட்ல வெச்சுக்கலாம்."

"மிரட்டலுக்கு ஒதுங்கினா நான் எதுக்கும்மா ஊழியத்துக்கு வந்தேன்? ஆண்டவர் கூட இருக்கார்."

எட்வின் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு போய் கேட்டைத் திறந்தார். வெளியே பெரிய மீசையோடு பெரியவர் கோதண்டம் நின்றிருந்தார்.

"உள்ள வாங்கய்யா. அடிக்கிறதுன்னாலும் அடிங்க. ஜெபத்தை மட்டும் நிறுத்த மாட்டோம்."

பெரியவரின் குரல் சட்டென்று இறங்கியது.

"உன்னை ஏம்ப்பா நான் அடிக்கப் போறேன்? தொண்டை கிழிய கத்திகினு கீறேன். சண்டை போடவாவது என் பொண்ணு வெளிய வருவான்னு பாத்தா, நீங்க கதவைச் சாத்திக்கிறீங்க. கல்யாணம் பண்ணிக்கினு போனவ, இன்னும் மூஞ்சியே காட்டல."

எட்வின் திகைத்துத் திரும்புவதற்குள் ரேகா வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"என் மூஞ்சிலயே முழிக்காதேன்னு நீதானே சொன்னே நைனா?"

"நான் சொன்னது எதைத்தான் நீ கேட்டிருக்கே? இதை மட்டும் ஏன் கேட்டே?"