கார் நிற்க ஒரு தேங்காய்

குணவதியின் கார் நடுரோட்டில் நின்றுவிடும். மெக்கானிக்கைப் பார்த்தால் சமர்த்தாக ஓடும். அவள் கொண்டுபோன மூன்று பட்டறைகளிலும் முதல் வேலையாக, காரின் நினைவில் பதிந்திருந்த எரர் கோட் எனும் பழுதுக் குறிப்புகளை ஸ்கேனரால் அழித்துவிட்டு, "வண்டி சுத்தமா இருக்குக்கா" என்றார்கள்.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியல. வித்துடலாம்" என்றார் கணவர் மாசிலாமணி.

நான்காவது பட்டறையின் ஜெனிட்டா சொன்னாள்: "இனி யாரையும் அழிக்க விடாதீங்க. ஒரு தடவை நிக்கட்டும், ஏன் நின்னுச்சுன்னு அதுவே எழுதி வெச்சுக்கும்."

அதன்பின் ஐந்து நாள் கார் நிற்கவே இல்லை. ஒரு தடவையாவது நிற்கட்டும் என்று குணவதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஆறாம் நாள், காரை வாங்க வந்தவருக்கு மாசிலாமணி ஓட்டிக் காட்டியபோது மேம்பாலத்தின் நடுவில் நின்றது. டாஷ்போர்டில் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் அத்தனை ஹாரன்களும் அலறின.

"நான் ஒண்ணும் பண்ணலடி!"

பின்சீட்டில் குணவதி ஜெனிட்டாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.