லைனை விடு

“தேவிகா, லைனை விடுடி. அப்பா போன் பண்ணுனா எங்கேஜ்னு வரும்.”

டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில் ஒரே டெலிபோன் லைன். மகள் இன்டர்நெட்டில் செஸ் ஆடினால் போன் அடிக்காது. தனலெட்சுமிக்கு அதுதான் கவலை. வேலைக்கென்று பெர்த் நகருக்குப் போன கணவர் இரண்டு தீபாவளியாகப் பேசவில்லை.

“பத்து நிமிஷ கேம்தாம்மா. முடியப் போகுது.”

“ஸ்டேட் சாம்பியன் ஆயாச்சு. இன்னும் யாரோட சண்டை?”

“யாரோ ஒரு ஆளும்மா. இதுல சொந்தப் பேரு போட மாட்டாங்க.”

பதின்மூன்று வயது தேவிகா ராணியை வெட்டக் கொடுத்தாள். எதிராளி எடுத்தார். உடனே அவளுடைய யானையும் குதிரையும் பாய்ந்து ராஜாவை மூலையில் மடக்கின. செக்மேட்.

“ஜெயிச்சிட்டியா?”

“ம்.”

“அப்பா பார்த்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு. அவரு சொல்லிக் குடுத்த ஆட்டம்லா.”

திரையில் எதிராளியின் வரி வந்தது.

‘அட்டாக் பிரமாதம், மகளே. அடுத்த ஞாயிறும் ஆடுவோம். வழக்கம்போல அம்மாவுக்குத் தெரிய வேணாம்.’

தேவிகா கம்ப்யூட்டரை அணைத்தாள்.

“லைன் ஃப்ரீம்மா.”

தனலெட்சுமி ரிசீவரை எடுத்து டோன் வருகிறதா என்று கேட்டாள். வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.